பல்லுக்காரி கட்டிய கூண்டு

காரை லாரியில் ஏற்றும்போது அத்தான் தார்ப்பாயை ஓரமாகத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டார். "அழகாத்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னார். அவர் வாயிலிருந்து நல்ல வார்த்தை வருவது அமாவாசையன்று நிலா வருவது மாதிரி. பல்லுக்காரிக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்தப் பெருமை மதியம் வரைக்கும்தான் தாங்கியது.

பல்லுக்காரி என்பது தெரு வைத்த பெயர். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். அதைப் பார்த்துப் பல்செட் செய்து கொடுப்பது அவள் தொழில். பதினோரு வருடம் மேசை விளக்கின் கீழ் குனிந்து உட்கார்ந்து, தெருவில் பாதிப் பேருடைய சிரிப்பை அவள்தான் செய்திருக்கிறாள். அந்தத் தொழிலுக்கு ஒரே விதி: ஒட்டு தெரியக் கூடாது. ஈறு எங்கே முடிந்தது, பல் எங்கே தொடங்கியது என்பதை நாக்குகூடக் கண்டுபிடிக்கக் கூடாது. குறை கண்டுபிடிப்பதில் நாக்கை மிஞ்சிய மாமியார் உலகத்தில் கிடையாது என்பாள்.

இப்படிப்பட்டவளுக்குக் கார்ப் பைத்தியம் பிடித்ததும் ஒரு பல்செட்டால்தான். ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட விமான ஓடுதளத்தில் டிரிஃப்ட் பந்தயம் நடக்கும். அங்கே ஒலிபெருக்கியில் அறிவிப்பவரின் பல்செட் பந்தயத்தன்று காலையில் உடைந்துபோனது. ஒட்ட வைத்து நேரில் கொண்டுபோய்க் கொடுத்தவள், திரும்பும்போது வேலிக்கு அப்பால் ஒரு காரைப் பார்த்தாள். அதன் முகம் ஒரு திசை, அது போன திசை வேறு, புகை எல்லாத் திசையிலும். பின்சக்கரங்களை வழுக்கவிட்டு, வண்டியைக் குறுக்காகச் சாய்த்துக்கொண்டே வளைவைக் கடப்பதுதான் அந்த விளையாட்டு. வீட்டுக்கு வந்து கணவரிடம், நானும் ஒன்று செய்யப் போகிறேன் என்றாள். பல்செட்டைச் சொல்கிறாள் என்று நினைத்து அவர் தலையாட்டிவிட்டார். தலையாட்டியது ஆட்டியதுதான்.

செய்வதை அவள் முறையாகச் செய்தாள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்று கழித்துப் போட்ட, பின்சக்கரத்தால் உந்தப்படும் கிழட்டுக் காரைப் பழைய இரும்பின் விலைக்கு வாங்கினாள். கழற்றிய சாமான்களைப் பெயரெழுதி டப்பாக்களில் அடுக்கினாள். பின்சக்கரங்கள் இரண்டும் ஒன்றாகவே சுழல வேண்டும் என்பதற்காக, அவற்றைத் தனித்தனியே சுற்றவிடும் டிஃபரன்ஷியலின் பற்களை ஒன்றோடொன்று வெல்டிங் வைத்துப் பூட்டினாள். கை பிரேக்குக்கு நெம்புகோல் செய்தாள். இத்தனையும் வீட்டுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில், வேலை முடிந்த மாலை நேரங்களில், பழைய ஆர்க் வெல்டிங் இயந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு. சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. கையைச் சுட்டுச் சுட்டுக் கற்றதுதான். துண்டுக் குழாய்களில் அறுபது இணைப்புகள் வைத்துப் பழகி, ஒவ்வொன்றையும் ரம்பத்தால் பிளந்து, உலோகம் உள்வரைக்கும் ஓடியிருக்கிறதா என்று பார்த்து நோட்டில் எழுதினாள். கடைசி இருபதும் உள்வரைக்கும் ஓடியிருந்தன.

மிச்சமிருந்தது கூண்டு. கார் கவிழ்ந்தால் உள்ளே இருப்பவர் நசுங்காமலிருக்க, இரும்புக் குழாய்களை வளைத்துக் கூரைக்கு அடியில் கட்டும் எலும்புக்கூடு அது. ஆறு கால்கள், பதினெட்டு இணைப்புகள். குழாய் மடங்காமல் வளைய உள்ளே உலர்ந்த மணலை அடைத்தாள். குழாயோடு குழாய் சேருமிடத்துக்குத் தாளைச் சுற்றி அளவெடுத்து வெட்டினாள். இடுக்கில் ஒளி தெரிந்தால் மறுபடி அராவினாள். முதல் இரண்டு இணைப்புகளை வைத்த வாரத்தில்தான் அத்தான் கொட்டகைக்குள் வந்தார்.

அத்தான் அவள் அக்காவின் கணவர். ஆலைகளுக்கு நீராவிக் குழாய் வெல்டிங் செய்பவர், சான்றிதழ் பெற்றவர். சட்டைப் பையில் பேனா இல்லாமல் வருவார், வெல்டிங் பெருமை இல்லாமல் வரமாட்டார். இணைப்பைக் குனிந்து பார்த்துவிட்டு, "என்ன டாக்டரம்மா, கொட்டகைக்குள்ள காக்கா வருதா?" என்றார்.

"ஏன் அத்தான்?"

"எச்சம் போட்டுட்டுப் போயிருக்கே."

கூட வந்திருந்த அக்கா சிரித்தாள். கணவரும் சிரித்தார். பல்லுக்காரியும் சிரித்து வைத்தாள். அன்று சாயந்தரமே கொட்டகைக்குப் பூட்டு வாங்கினாள்.

ஐந்து மாதம் அத்தானுக்கு உள்ளே அனுமதியில்லை. எதைக் கேட்டாலும், முடிந்ததும் பாருங்கள் என்பாள். உள்ளே நடந்ததென்னவோ இதுதான்: வைத்த ஒவ்வொரு வெல்டிங்கையும் அவள் தேய்த்தாள். முதலில் கிரைண்டர், அப்புறம் உப்புத்தாள் சக்கரம், அதற்கும் மேலே, பல்செட்டுக்கு மெருகு போடும் சின்ன ரப்பர் முனைகள். ஒரு இணைப்புக்கு மூன்று மாலை. குழாயிலிருந்து குழாய் கிளை பிரிந்து வளர்ந்தது போல இருக்கும்; விரலை ஓட்டினால் எங்கும் தட்டாது. டாஷ்போர்டுக்குப் பின்னாலிருந்த நான்கு இணைப்புகளில் மட்டும் கிரைண்டர் நுழையவில்லை. அந்த நான்கையும் நினைத்தால் அவளுக்குத் தூக்கம் வராது.

விதிப் புத்தகத்தை அவள் படிக்காமலில்லை. கூண்டுக்குச் சாயம் பூசக் கூடாது என்றிருந்தது, பூசவில்லை. வெல்டிங்கைத் தேய்த்து மறைக்கக் கூடாது என்றும் இருந்தது. அந்த வரிக்குக் கீழே பென்சிலால் கோடுகூடப் போட்டிருந்தாள். அது மோசமான வேலையை மறைக்கிறவர்களுக்குச் சொன்னது என்று நினைத்தாள். நாம் எதையும் மறைக்கவில்லையே, முடித்திருக்கிறோம், அவ்வளவுதானே. மெருகு போடாத வேலையை முடிந்த வேலை என்று அவளிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை.

அவசரத்துக்கும் காரணம் இருந்தது. அடுத்த பருவத்திலிருந்து வீட்டில் கட்டிய புதுக் கார்களை அந்த ஓடுதளத்தில் சேர்க்கப் போவதில்லை என்று அறிவித்துவிட்டார்கள். இந்தப் பருவம் முடிவதற்குள் சோதனையில் தேறி, பெயர் பதிந்து, பதிவுப் புத்தகம் வாங்கிய வண்டி தொடர்ந்து ஓடலாம். வாங்காத வண்டி கொட்டகையில் கோழி அடைக்கத்தான் ஆகும். கடைசிச் சோதனை நாள் இந்த ஞாயிறு. மாலை ஐந்து மணிக்கு மேசையை மடித்துவிடுவார்கள்.

ஓடுதளத்துச் சோதனை வரிசையில் அவளுக்குக் கிடைத்த எண் பதினொன்று. சோதனையாளர் காக்கித் தொப்பி போட்ட ஒல்லி மனிதர். ஒரு கையில் டார்ச், மறு கையில் நீளக் காம்பு வைத்த வட்டக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியைப் பார்த்ததும் பல்லுக்காரிக்குப் பாதி பயம் போய்விட்டது. பல் டாக்டர் அறையில் தினமும் பார்க்கிற சாமான்தானே.

அவர் பிரேக், எரிபொருள் குழாய், இருக்கைத் தாங்கிகள் எல்லாவற்றையும் பார்த்துத் தலையாட்டினார். டிஃபரன்ஷியலைப் பற்றிக் கேட்டார். அவள் நோட்டைக் காட்டினாள். பிளந்து பார்த்த இணைப்புகளின் பட்டியலைப் படித்துவிட்டு, புருவத்தைத் தூக்கி அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு கூண்டின் மேல் விளக்கை அடித்தார். அடித்த விளக்கு நகரவில்லை. விரலால் தடவினார். அடுத்த இணைப்புக்குப் போனார், தடவினார். அதற்கடுத்ததுக்கும் போனார்.

"வெல்டிங் எங்கம்மா?"

"அதுதாங்க. நீங்க தொட்டுக்கிட்டிருக்கீங்களே."

"நான் தொடறது குழாய். வெல்டிங்கக் காணோமே."

சட்டைப் பையிலிருந்து கைக்கடக்கமான கருவி ஒன்றை எடுத்து இணைப்பின் ஓரத்தில் வைத்தார். உலோகத்தின் தடிமனைச் சொல்கிற கருவி அது. இரண்டரை மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று புள்ளி ஏழு. அடுத்த இடத்தில் ஒன்று புள்ளி ஐந்து. மெருகு ஏற ஏற, வெல்டிங்கோடு சேர்ந்து குழாயும் தேய்ந்திருந்தது. பிறகு டாஷ்போர்டுக்குப் பின்னால் கண்ணாடியை நுழைத்து வெகுநேரம் பார்த்தார். பல்லுக்காரிக்குக் காது சூடானது.

"இது யார் வெச்சது?"

"அதுவும் நான்தாங்க. அங்க கிரைண்டர் நுழையல. அசிங்கமாத்தான் இருக்கும்."

"இந்த நாலும் பாஸ்" என்றார் அவர். "எல்லாத்தையும் இப்படியே விட்டிருந்தீங்கன்னா இந்நேரம் கையெழுத்துப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிருப்பேன்."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்ததென்றால்கூட, உடைத்தவனைத் திட்டலாம். இங்கே தாழியை ஐந்து மாதம் உட்கார்ந்து தேய்த்துத் தேய்த்து ஓட்டை போட்டவள் அவளே. யாரைத் திட்டுவது? பக்கத்தில் அத்தான் நின்றார். அவரைத் திட்டினாள்.

"காலையிலேயே பாத்தீங்கல்ல? அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொல்லி? லாரில ஏத்தினதுக்கப்புறம் என்ன செஞ்சிருப்ப?"

"அஞ்சு மாசத்துல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"பூட்டுக்கிட்டயா சொல்றது?"

காக்கா எச்சம் என்று சொன்னது யார் என்று கேட்டாள். "வேடிக்கைக்குச் சொன்னேன்மா. பாக்க அசிங்கம், பிடிமானம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் அவர். அந்த இரண்டாவது பாதியை அன்றைக்கே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன என்று அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்ததால் விழுங்கிக்கொண்டாள்.

அத்தான் சோதனையாளரிடம் போய், தன் சான்றிதழ் எண்ணைச் சொல்லி, லாரியில் வெல்டிங் இயந்திரமும் ஜெனரேட்டரும் இருப்பதைச் சொல்லி, மேலேயே புதிதாக ஒரு சுற்று வைத்துக் கொடுத்தால் ஆகுமா என்று கேட்டார். முயன்று பாருங்கள் என்றார் அவர். அத்தான் முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே குனிந்தார். பல்லுக்காரி திரும்பி நின்றுகொண்டாள். தன் காரில் இன்னொருவர் வெல்டிங் வைப்பதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. வைக்காவிட்டால் கதை முடிந்தது என்பதும் தெரிந்திருந்தது. முதுகுக்குப் பின்னால் பொறி சீறியது, டப்பென்று ஒரு சத்தம், பிறகு அமைதி. திரும்பினால், குழாயில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை.

"காகிதம் மாதிரி இருக்கு. வெச்ச உடனே ஒழுகுது" என்றார் அத்தான். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரே ஒரு நொடி அவளுக்கு மனம் குளிர்ந்தது. இருபது வருடச் சான்றிதழும் ஓட்டைதான் போட்டது. அடுத்த நொடியே, அந்த ஓட்டை யாருடைய காரில் என்பது நினைவுக்கு வந்தது.

மணி ஒன்றரை. அப்போதுதான் சோதனையாளர், கையிலிருந்த டீயை ஊதிக்கொண்டே அந்த விஷயத்தைச் சொன்னார். கீழ்ப்பிரிவில், தொடக்கக்காரர்களுக்கு, கூரையுள்ள காருக்குக் கூண்டே கட்டாயமில்லை.

விதிப் புத்தகத்தில் கூண்டுப் பக்கங்களைத் தாண்டி பல்லுக்காரி படித்ததில்லை. "கூண்டே இல்லாம வந்திருந்தா?"

"காலையிலயே பாஸ்."

"அப்ப இதுவும் இருந்துட்டுப் போகட்டுமே. கணக்குல எடுத்துக்காதீங்க."

"அது முடியாதும்மா. கூண்டு இல்லாத காரை விடலாம். மோசமான கூண்டு இருக்கிற காரை விடக் கூடாது. ஒரு இடி இடிச்சா இணைப்பு விட்டுரும். விட்ட குழாய் எந்தப் பக்கம் வரும்? உங்க கழுத்துக்குத்தான் வரும்."

அவர் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததுதான் தாங்க முடியவில்லை. அநியாயம் என்றால் சண்டையாவது போடலாம். அடுத்த வருடம் புதுக் கூண்டு கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டாள். புத்தகம் வாங்கிய காருக்குக் கட்டலாம், ஆனால் அங்கீகாரம் பெற்ற பட்டறையில் கட்டியதாக இருக்க வேண்டும் என்றார். ஆகக்கூடி அவள் கையால் கட்டிய கூண்டு இந்தக் காரில் இனி எந்தக் காலத்திலும் இருக்கப் போவதில்லை. இன்று அறுத்தால் கார் மிஞ்சும். அறுக்காவிட்டால் கூண்டு மிஞ்சும், கொட்டகையில்.

அவள் காரின் கதவுகளைத் திறந்து போட்டாள். பிறகு அத்தானிடம் ஜெனரேட்டரைப் போடச் சொன்னாள்.

"நான் அறுக்கட்டுமா? நீ அந்தப் பக்கம் போய் உக்காரு" என்றார் அவர்.

"என் கூண்ட நீங்க அறுக்க வேண்டாம். நான் அறுக்கறேன். நீங்க பிடிங்க, போதும்."

இருக்கையைக் கழற்றினார்கள். முதல் வெட்டு கூரைக்குக் குறுக்கே போன குழாயில். கிரைண்டரின் வெட்டுத்தட்டு இறங்கியபோது, பளபளப்பின் மேல் பொறி பட்டுக் கறுத்தது. பார்த்துப் பார்த்துத் துடைத்த இடம். இரண்டாவது வெட்டில் அவளுக்கு அழுகை வரும் என்று அத்தான் எதிர்பார்த்தார் போலிருக்கிறது. வந்தது அழுகையில்லை, வசவு. குழாயைத் திட்டினாள், மணலைத் திட்டினாள், விதிப் புத்தகத்தையும் பென்சிலையும் திட்டினாள். அத்தான் குழாயைத் தாங்கிப் பிடித்தார். டாஷ்போர்டுக்குப் பின்னாலிருந்த நான்கு நல்ல இணைப்புகளும் வர மறுத்தன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு தட்டுகள் தேய்ந்து தீர்ந்தன. "பிடிமானம் இருக்குன்னு சொன்னேன்ல" என்றார் அத்தான். அதைச் சொல்ல அது நேரமில்லை என்பது அவள் முகத்தைப் பார்த்து அவருக்கே தெரிந்திருக்கும், சட்டென்று குனிந்துகொண்டார்.

மூன்றே காலுக்கு எல்லாம் வெளியே. தரையில் நின்ற அடிக்கட்டைகளையும் ஒட்ட அறுத்துக் கூர் போக்கியாயிற்று, இருக்கையையும் திரும்ப மாட்டியாயிற்று. சோதனையாளரைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து பார்த்து, எல்லாம் சரி, பெல்ட் எங்கே என்றார்.

தோளிரண்டுக்கும் மேலே வருகிற பந்தய பெல்ட்டை அவள் கூண்டின் குழாயில்தான் கட்டியிருந்தாள். குழாய் போனதோடு பெல்ட் கட்டும் இடமும் போய்விட்டது. கூண்டு இல்லாத காருக்கு, காரோடு வந்த பழைய பெல்ட்தான் வேண்டும். அது வீட்டில் இருக்கிறது.

கணவருக்குப் போன் போட்டாள். கொட்டகைச் சாவி எங்கே, மூன்றாவது தட்டு, இடமிருந்து ஐந்தாவது டப்பா, மேலே 'வேண்டாதவை' என்று எழுதியிருக்கும் என்று வரிசையாகச் சொன்னாள். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "வேண்டாததுன்னா எதுக்கும்மா கேக்கற?" என்றார்.

"என்னங்க, இப்ப எங்கிட்ட கேள்வி கேக்காதீங்க. டப்பாவ எடுத்துக்கிட்டு ஆட்டோ பிடிங்க."

"எல்லாம் பாஸாயிடுச்சா?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

நான்கு மணி. நான்கேகால். மேசைக்குப் பக்கத்திலிருந்த நாற்காலிகளை ஒருவர் மடிக்க ஆரம்பித்தார். பல்லுக்காரி நுழைவாயிலைப் பார்த்தபடி நடந்தாள், திரும்பினாள், நடந்தாள். பெல்ட்டைப் பொருத்தும் போல்ட்டுகளை விட்டம் வாரியாகப் பிரித்துத் துணிமேல் வைத்தாள். மறுபடி கலைத்து மறுபடி வைத்தாள். அத்தான் சோதனையாளருக்கு இரண்டாவது டீ வாங்கிக் கொடுத்து, நீராவிக் குழாய்க் கதை ஒன்றை ஆரம்பித்தார். அந்தக் கதை எவ்வளவு நீளம் என்று குடும்பத்துக்கே தெரியும். பெண் பார்க்க வந்த நாளில் ஆரம்பித்ததை இன்னும் அவர் முடிக்கவில்லை. முதல்முறையாகப் பல்லுக்காரி அது முடியக் கூடாதென்று வேண்டிக்கொண்டாள்.

நான்கு முப்பத்தைந்துக்குக் கணவர் வந்து இறங்கினார். டப்பாவை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று நான்காவதையும் ஆறாவதையும்கூட எடுத்து வந்திருந்தார். அவள் ஒன்றும் கேட்காமல் ஐந்தாவதைப் பிடுங்கி, பெல்ட்டை உதறி, காருக்குள் பாய்ந்தாள். மூன்று போல்ட். மூன்றாவது குறுக்காகக் கடித்துக்கொண்டது. கழற்றி, ஊதி, மறுபடி ஏற்றினாள். அத்தான் நீட்டிய ஸ்பேனரை வாங்கி இறுக்கினாள்.

சோதனையாளர் பெல்ட்டை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். இன்னொரு முறை இழுத்தார். மேசைக்குப் போய் உட்கார்ந்து, நீல அட்டை போட்ட சின்னப் புத்தகம் ஒன்றைப் பிரித்தார். பெயர், வண்டி, நிறம், எஞ்சின் எண். பல்லுக்காரி குனிந்து அவர் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூண்டு என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. அவர் அவளைப் பார்த்தார். பிறகு 'இல்லை' என்று எழுதினார்.

"சொந்தமா செஞ்சது வேற என்னென்ன?" என்று கேட்டார்.

அவள் சொன்னாள். டிஃபரன்ஷியல், கை பிரேக் நெம்புகோல், இருக்கைத் தாங்கி நாலு. குரல் சண்டைக்காரிக் குரலாக வந்தது. அவர் எல்லாவற்றையும் எழுதி முத்திரை குத்தினார். மணி நான்கு ஐம்பத்திரண்டு. தொடக்கக்காரர்களுக்குக் கடைசிச் சுற்று ஐந்தரைக்கு, வேண்டுமானால் வரிசையில் நில்லுங்கள் என்றார்.

காருக்குத் திரும்பினால், கணவர் உள்ளே தலையை நீட்டி அங்குமிங்கும் பார்த்துக்கொண்டிருந்தார். பூட்டுப் போட்ட நாளிலிருந்து கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதர். லாரியில் குவித்திருந்த குழாய்கள் என்னவென்றும் அவருக்குத் தெரியாது.

"பரவாயில்லையே, உள்ள எவ்வளவு எடமா இருக்கு" என்றார்.

அத்தான் அவர் கையைப் பிடித்து, "மாப்ள, வாங்க, டீ குடிக்கலாம்" என்று இழுத்துக்கொண்டு போனார்.

பல்லுக்காரி உட்கார்ந்து பழைய பெல்ட்டைக் குறுக்காக இழுத்து மாட்டினாள். வெட்டிய இரும்பின் வாடை காருக்குள் இன்னும் இருந்தது. வரிசையில் அவளுக்கு முன்னால் மூன்று கார்கள். சாவியைத் திருகினாள், எஞ்சின் பிடிக்கவில்லை. இன்னும் உரக்க ஒரு வசவு வைத்துவிட்டு மறுபடி திருகினாள். பிடித்தது. முன்னால் நின்ற கார் நகர்ந்ததும் இவளும் நகர்ந்தாள்.